வெள்ளையடியுங்கள், சாயம் பூசாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம் மங்கிக் கிடக்கிறது, ஒரு சுற்று வெள்ளையடித்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று வாசகர் பகுதியில் அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். நல்லெண்ணத்தில் எழுதுவதுதான். ‘வெள்ளையடிப்பது’ என்ற சொல்லும் பொருத்தமான சொல்தான். ஆனால் எழுதுகிறவர்கள் நினைப்பது கடையில் வாளியில் விற்கும் வெள்ளைச் சாயத்தை. தோட்டத்து லயங்களுக்குப் பொங்கலுக்கு முன் மட்டையால் அடித்தார்களே, அந்தச் சொல்லுக்குள் இருப்பது அந்தச் சுண்ணாம்பு. நிறம் ஒன்றுதான், குணம் நேர்மாறு. 1910-இல் திறந்த கட்டடத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் கட்டடம். கிள்ளான் பக்கம் போகும் முதல் ரயில் பாதை 1886-இல் திறந்தது. ரயில்வே வளர வளரப் பழைய நிலையம் போதாமல் போய், பொதுப்பணித் துறைக் கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் வரைந்த இந்த நிலையம் எழுந்தது. கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் முனையில் நிற்கும் மஸ்ஜிட் ஜாமேக்கும் அவர் வரைந்ததுதான். அது 1909-இல் முடிந்தது. எதிரே உள்ள ரயில்வே தலைமையகமும் ஈப்போ ரயில் நிலையமும் 1917-ஐச் சேர்ந்தவை, அவையும் அவர் கைவண்ணமே. நம்மவர்களுக்கு இந்த இடத்தில் இன்னொரு தொடர்பும் உண்டு. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயில் 1873-இல் தொடங்கியபோது இந்த ரயில் நிலையப் பக்கம்தான் இருந்தது. 1885-இல்தான் இப்போதைய இடத்துக்கு மாறியது.

சென்னை எழும்பூர் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு இந்தக் கட்டடத்தைப் பார்த்தால் எங்கோ பார்த்த முகம் என்று தோன்றும். தோன்றுவது சரிதான். மொகலாய மாடங்களையும் (குவிந்த கூரையுள்ள சிறு மண்டபங்கள்) வளைவுகளையும் எடுத்து, ஆங்கிலேயப் பொறியாளர்கள் தங்கள் அலுவலகங்களுக்கும் நிலையங்களுக்கும் போர்த்திவிட்ட பாணி இது. சென்னையில் 1768-இல் கட்டிய சேப்பாக்கம் மாளிகை அதன் தொடக்க எடுத்துக்காட்டுகளில் ஒன்று; எழும்பூர் நிலையம் 1908-ஐச் சேர்ந்தது. மலாயாவில் அந்தப் பாணி வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவர், இலங்கையில் பணியாற்றிவிட்டு இங்கே மாநிலப் பொறியாளராக வந்த சி.இ. ஸ்பூனர். 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் அவர் விருப்பம் தெரிகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். எழும்பூரிலும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்திலும் மஸ்ஜிட் ஜாமேக்கிலும் செங்கல் வெளியே தெரியும். செங்கல்லின் சிவப்பும் பூச்சின் வெள்ளையும் மாறி மாறி வருவதுதான் அவற்றின் அழகு. பழைய ரயில் நிலையத்தில் செங்கல் கண்ணில் படுவதே இல்லை. லாட வடிவ வளைவின் விளிம்பு, மாடத்தின் அடியில் ஓடும் புடைப்பு வரிகள், கைப்பிடிச் சுவரின் பல்வரிசை, தூண் தலைப்பின் மடிப்பு எல்லாம் பூச்சில் இழுத்து எடுத்தவை. அங்கே பூச்சு என்பது கட்டடத்தின் சட்டை அல்ல, தோல். பூச்சு போனால் கட்டடக் கலையே போயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதில் விளங்கும்.

கூரை பனிப்பொழிவின் எடையைத் தாங்கவேண்டும் என்று ஆங்கிலேயர்கள் வரைபடத்தைத் திருப்பி அனுப்பினார்கள் என்றொரு கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லிச் சிரிக்கவைப்பார்கள். பனி கிடக்கட்டும். இங்கே ஆண்டுக்கு 2,400 மி.மீ.க்குக் குறையாமல் மழை கொட்டுகிறது. சாயம், சாந்து என்று பேசுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும்.

இத்தகைய கட்டடங்களில் கூரை வாய்க்கால் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. இலையும் பறவை எச்சமும் சேர்ந்து குழாய் வாயை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்பக்கமாக வழிந்து சுவருக்குள் இறங்கும். கீழே சுவர் கொப்பளித்தால் மேலே வாய்க்காலைப் பாருங்கள் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். கோலாலம்பூரில் மார்ச் – ஏப்ரலிலும் அக்டோபர் – நவம்பரிலும் மழை உச்சம். ஆகவே பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் வாய்க்கால்களைத் துப்புரவு செய்து, ஒவ்வொரு குழாயிலும் வாளித் தண்ணீர் ஊற்றி அடியில் வந்து சேருகிறதா என்று பார்த்துவிடவேண்டும். இரண்டு ஆள், ஓர் ஏணி, இரண்டு மூன்று நாள். செலவு என்று சொல்லவே கூச்சப்படும் வேலை. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்தது செடி. மைனாவும் புறாவும் ஆல், அரசு விதைகளை மாட விளிம்பில் போட்டுவிடும். கையகலச் செடியாக இருக்கும்போதே வேர் செங்கல் இடுக்கில் ஒரு முழம் போயிருக்கும். பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். மேலே வெட்டிவிட்டால் அடியில் நான்காகத் தழைக்கும். தண்டை அடியோடு அறுத்து, அறுத்த சூட்டிலேயே வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்துக் காயும் வரை சில வாரம் விட்டு, பிறகு உருவி எடுத்து, அந்தப் பொந்தைச் சுண்ணாம்புக் கூழால் நிரப்பவேண்டும்.

தண்ணீர் அடங்கியபின்தான் பூச்சு. அந்தக் காலத்துச் செங்கல் இன்றைய செங்கல்லைவிட மென்மையானது, தண்ணீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சும் அப்படியே. மழையில் கொஞ்சம் நனைந்து, வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். இதற்கு மேல் சிமெண்ட் பூசினால் அது கெட்டியாக இருக்கும், அசையாது, ஈரத்தையும் விடாது. ஆனால் விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் திரும்ப வழியில்லாமல் செங்கல்லிலேயே நிற்கும். அடியிலிருந்து ஏறும் ஓதமும் சேர்ந்துகொள்ளும். ஈரத்தோடு வந்த உப்பு சிமெண்டுக்குப் பின்னால் படிகமாகி, படிகம் பெருத்து, செங்கல்லின் முகத்தை மாவாக உதிர்க்கும். வெளியே பார்த்தால் சிமெண்ட் பூச்சு கல்போல நிற்கும். மரச் சுத்தியால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். ஒருநாள் பலகை பலகையாக விழும். கூடவே செங்கல்லின் முகமும் விழும். ஞெகிழிப் பசை கலந்த வெளிச்சுவர்ச் சாயமும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. கொப்பளம் குத்தினால் உள்ளே தண்ணீர் நிற்பதைப் பார்க்கலாம்.

சாயத்தால் வரும் இன்னொரு கெடுதியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. சுற்றுக்குச் சுற்று மேலே மேலே அடிக்கும்போது வரிகளின் பள்ளம் தூர்ந்துபோகிறது. கூர்மையாக இருந்த விளிம்பு சோப்புக்கட்டிபோல மழுங்கிவிடும். வளைவின் நிழல் விழாது. தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் வெள்ளையாக இருக்கும், ஆனால் தட்டையாக இருக்கும்.

எனவே எதையும் பூசுவதற்கு முன் சோதனை. இதைத் தாண்டிக் குதிக்கும் ஒப்பந்தக்காரரை நம்பவேண்டாம். சுவரின் பல இடங்களில், தரைமட்டத்திலும் நடுவிலும் மாடத்திலும், பூச்சுத் துண்டு எடுக்கவேண்டும். உருப்பெருக்கியில் முதலில் பார்க்கவேண்டும். கிளிஞ்சல் துண்டு கலந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். பிறகு நொறுக்கி, எடைபோட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். மிஞ்சும் மணலைக் கழுவி உலர்த்தி எடைபோட்டால் பழைய கலவையின் விகிதமும் மணலின் பருமனும் கிடைக்கும். கிளிஞ்சல் இருந்தால் அதுவும் கரைந்துவிடும், கணக்கு தப்பும். அதனால்தான் முதலில் பார்க்கச் சொன்னது. எந்தப் பகுதி அசல், எது பிற்காலத்துச் சிமெண்ட் ஒட்டு என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டால் எங்கே கைவைப்பது, எங்கே விடுவது என்று தெரியும். கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் அசல் பூச்சைத் தொடவே கூடாது. சிமெண்ட் ஒட்டுகூடச் செங்கல்லைப் பெயர்க்காமல் வந்தால்தான் எடுக்கலாம். வராவிட்டால் விட்டுவிடுவதே மேல்.

உப்பு ஏறிய சுவருக்குப் பத்துப்போடுவது என்றொரு முறை உண்டு. காகிதக் கூழையும் களிமண்ணையும் வாலை வடிநீரில் குழைத்து இரண்டு செ.மீ. கனத்தில் அப்பவேண்டும். காயக் காய உப்பு கூழுக்குள் இழுபடும். முற்றும் காய்ந்ததும் உரித்து எறிந்துவிட்டு மறுபடி. மூன்று தடவைக்குக் குறைந்து பயனில்லை. அழுத்தத் தண்ணீர் பீய்ச்சுவதும் மணல் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். ஒன்று ஈரத்தை உள்ளே தள்ளும், மற்றது தோலை உரிக்கும்.

சுண்ணாம்புக்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கே சுண்ணாம்புக் குன்றுகள்தாம். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றவேண்டும். தண்ணீரைச் சுண்ணாம்பின் மேல் ஊற்றக் கூடாது, அது கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். எடையில் இரண்டரை, மூன்று மடங்கு தண்ணீர் வேண்டும். கொதி அடங்கியதும் இரண்டு, மூன்று மி.மீ. சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூன்று மாதமாவது ஊறவிடவேண்டும். அவசரப்பட்டால் நீறாத துகள் சுவரில் போய் உட்கார்ந்து, ஈரம் பட்டதும் பொரிபோல வெடித்துக் குழி விழும். வேலை ஜூனில் தொடங்குவதென்றால் சுண்ணாம்பு பிப்ரவரியிலேயே தொட்டியில் இருக்கவேண்டும். ஒப்பந்தத் தாள்களில் இந்த மூன்று மாதத்துக்கு இடமிருப்பதில்லை. பல வேலைகள் சிமெண்டில் போய் முடிவதற்கு இதுவே காரணம், வேறு சூழ்ச்சி எதுவுமில்லை.

கலவை, அளவில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஏன் மூன்று என்பதை ஒரு வாளியை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். உலர்ந்த மணலை வாளி நிறையப் போட்டு, மணல் மட்டம் வரை தண்ணீரை அளந்து ஊற்றினால், பெரும்பாலும் வாளியில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும். மணலுக்கு நடுவே அவ்வளவு வெற்றிடம். அதைச் சுண்ணாம்பு நிரப்பவேண்டும். உங்கள் மணல் அதைவிட அதிகம் பிடித்தால் சுண்ணாம்பையும் கூட்டுங்கள். மணல் கழுவிய ஆற்று மணலாக, பரலும் பொடியும் கலந்ததாக இருக்கவேண்டும். ஒரே பருமன் மணல் வெடிக்கும், கடல் மணல் உப்பைக் கொண்டுவரும். கலவை கெட்டியாகத் தெரிந்தாலும் தண்ணீர் சேர்க்காமல் இடிக்கவேண்டும். இடிக்க இடிக்கத் தானே குழையும். நம் ஊர் மழைக்குப் பச்சைச் சாந்து கரைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்குத்தான் சுர்க்கி. அதிகம் வேகாத செங்கல்லைப் பொடித்துச் சலித்து, சுண்ணாம்பின் அளவில் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை சேர்த்தால் சாந்து ஈரத்திலும் இறுகும். செட்டிநாட்டுக் கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது தனிக் கலை. அதைப் பேசினால் கடிதம் முடியாது.

சுவரை முதல் நாளே நனைத்து, முதல் பூச்சு ஒரு செ.மீ. கனத்தில் போட்டுக் கீறிவிடவேண்டும். வாரம் பத்து நாள் கழித்து இரண்டாவது, அதைவிடச் சற்று மெல்லியதாக. கடைசிப் பூச்சு சன்ன மணலில் மூன்று மி.மீ. சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான். அதற்கு நேரமும் வேண்டும், லேசான ஈரமும் வேண்டும். ஆகவே ஈரக் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, காலை மாலை தண்ணீர் தெளித்து, வெயில் நேரே படாமல் காக்கவேண்டும். மறுநாள் மயிரிழை வெடிப்பு விழுந்தால் மரப் பலகையால் அழுத்தித் தேய்த்து மூடலாம். இரும்புக் கரண்டியால் மினுமினுக்கத் தேய்க்கக் கூடாது. சுண்ணாம்புப் பால் மேலே வந்து துளையை அடைத்துக்கொள்ளும், உள்ளே மாவாகவே இருக்கும்.

வரிகளை எடுப்பதுதான் கைத்திறன். கூரை நிழலில் மழையும் சாயமும் அதிகம் படாத ஒரு சாணிடம் எங்காவது மிஞ்சியிருக்கும். அங்கே சாயத்தைச் சுரண்டி எடுத்து, அழுத்திய இடத்தின் வடிவத்தை அப்படியே காட்டும் சீப்பு அளவுகோலை அழுத்தி அசல் வடிவத்தைப் பிடிக்கவேண்டும். அதைத் துத்தநாகத் தகட்டில் வெட்டி, மரச் சட்டத்தில் அடித்தால் அச்சு தயார். அச்சு நேராக ஓடச் சுவரில் வரிச்சட்டம் பொருத்தி, பச்சைச் சாந்தின் மேல் அந்த அச்சை முனையிலிருந்து முனைக்குத் தடவை தடவையாக இழுத்தால் வரி உருவாகும். ஒரே திசையில் சரிவாகப் பிடித்து இழுக்காவிட்டால் விளிம்பு பிசிறும். சிமெண்டில் வார்த்த துண்டுகளை ஆணியடித்து ஒட்டுவது இதற்கு மாற்றாகாது. ஆணி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, வரியையே பிளந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வெள்ளை. ஊறிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, வடிகட்டி, ஈரச் சுவரில் மெல்லிசாக அடிக்கவேண்டும். அடிக்கும்போது கண்ணாடிபோலச் சுவர் தெரியும், காய்ந்தால்தான் வெளுக்கும். தெரியவில்லையே என்று கெட்டியாக அடித்தால் ஒரு வாரத்தில் மாவாகக் கொட்டிச் சட்டையில் ஒட்டும். நாளொன்றுக்கு ஒரு கை என்று ஐந்து கை. பினாங்கில் சியோங் ஃபாட் ட்சே மாளிகையின் நீலம் இதே சுண்ணாம்பில் அவுரி கலந்து வந்த நீலம்தான். அந்தச் சீரமைப்புக்கு 2000-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

சுண்ணாம்புக்குக் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். புதிதில் அதன் காரம் பாசியை அண்டவிடாது. காரம் தணிந்ததும் இங்குள்ள ஈரத்தில் கறுக்கும். மூன்று, ஐந்து ஆண்டுக்கொரு முறை மென்மையான தூரிகையால் கழுவி இரண்டு கை அடிக்கவேண்டியிருக்கும். மாடங்களுக்கு அடிக்கடி சாரம் கட்டுவது பெருஞ்செலவு என்றால், அங்கே மட்டும் சிலிக்கேட் வகைக் கனிமச் சாயத்தை ஒத்துக்கொள்ளலாம். ஈரத்தை விடும், பல ஆண்டு நிற்கும். ஆனால் ஒருமுறை பிடித்தால் எடுக்க முடியாது என்பதை அறிந்தே பூசவேண்டும்.

தண்டவாளப் பக்கம் வேறு சிக்கல். 1995-இலிருந்து கொமுட்டர் மின்ரயில் ஓடும் இந்தப் பாதையின் மேல்கம்பியில் 25 கிலோவோல்ட் மின்சாரம். 2001-இல் கே.எல். சென்ட்ரல் என்ற புதிய மைய நிலையம் வந்தபின் நெடுந்தூரப் பயணிகள் இங்கிருந்து போய்விட்டார்கள், ஆனால் ரயில்கள் நின்றுதான் போகின்றன. மேடைப் பக்கச் சுவரில் வேலை என்றால் கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவில், மின்சாரத்தைத் துண்டித்து நிலத்தோடு இணைத்த பிறகுதான். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் காற்றில் பறந்து கம்பியில் சிக்கும். பகலில் தண்ணீர் தெளிக்க வழியில்லை. ஆகவே அங்கே சாதாரணச் சுண்ணாம்பைவிட, ஈரத்திலேயே இறுகும் இயற்கை நீர்ச்சுண்ணாம்பு பொருந்தும். அந்தப் பக்கச் சுவரில் காணும் பழுப்பு, அழுக்கு மட்டுமல்ல; சக்கரமும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் துருப்பிடித்தது. அமிலம் ஊற்றிக் கழுவினால் கறை போகும், கூடவே பூச்சும் போகும். அம்மோனியம் சிட்ரேட் கலந்த கூழைப் பத்துப்போட்டு எடுப்பதே முறை.

ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தின் மறுமுனையில் பசார் செனி எம்.ஆர்.டி. நிலையம். 2017-இல் திறந்த அந்தப் பாதையின் ஏழு நிலத்தடி நிலையங்களுக்கும் ஆளுக்கொரு கருப்பொருள். பசார் செனிக்கு ஆறுகளின் சங்கமம், மெர்டேக்காவுக்குச் சுதந்திரம். நன்றாகவே செய்திருக்கிறார்கள். நகரத்தின் அடியில் குகையும் பொந்துமாகக் கிடக்கும் சுண்ணாம்புப் பாறையைக் குடைய, உலகில் முதன்முதலாக ஒரு புதுவகைத் துளையிடும் இயந்திரத்தையே உருவாக்கி வரவழைத்த பாதை அது. மண்ணுக்கு அடியில் சுண்ணாம்பின் குணமறிந்து நடந்துகொண்ட ஊர், மண்ணுக்கு மேலே அதே மரியாதையைக் காட்டினால் போதும்.

அதிகாரிகளிடம் வாசகர்கள் கேட்கவேண்டியது ‘எப்போது வெள்ளையடிப்பீர்கள்’ என்பதை அல்ல. சீரமைப்பு ஒப்பந்தத்தில் பூச்சு எதில் என்று எழுதியிருக்கிறது, சுண்ணாம்பு ஊற எத்தனை மாதம் கொடுத்திருக்கிறது, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரிப் பூச்சு வெயில் பக்கமும் நிழல் பக்கமும் போட்டு இரண்டு மழைக்காலம் பார்த்தார்களா, வேலை முடிந்தபின் ஆண்டுக்கு இருமுறை வாய்க்கால் துப்புரவு யார் பொறுப்பு என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பதவியின் பெயராவது பதிலாக வரவேண்டும்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்புத் தொழிலிலுள்ள வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்